13 வயசு பையன், ஹாக்கி ஆடுறான், மவுத் கார்டு போட மாட்டேங்குறான். நிஜமாவே கட்டாயம் போடணுமா?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு 13 வயசு, ரெண்டு வருஷமா ஹாக்கி ஆடுறான், ஃபார்வர்டு. போன வாரம் ப்ராக்டிஸ்ல அவன்கூட ஆடுற பையனுக்கு ஸ்டிக் மேல தூக்கி வாயில பட்டு முன்பல்லு பாதி உடைஞ்சு போச்சு. நான் கிரவுண்டு ஓரத்துல தான் நின்னுட்டு இருந்தேன், அந்த பையன் வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே உக்காந்ததும் விரல் இடுக்குல ரத்தம் வந்ததும் இன்னும் கண்ணுலயே நிக்குது.

என் பையனுக்கு போன வருஷமே கடையில ரெடிமேடா ஒரு மவுத் கார்டு, அதான் அடிபடாம இருக்க பல்லு மேல மாட்டிக்கிற ரப்பர் உறை, வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு நாள் போட்டான், அதோட பைக்குள்ள போயிடுச்சு. கேட்டா மூச்சு விட முடியலம்மா, பேச முடியல, குமட்டுது, டீம்ல வேற யாருமே போடலன்னு சொல்றான். கோச் கிட்ட கேட்டேன், மேட்சுக்கு போட்டா போதும் ப்ராக்டிஸ்க்கு எல்லாம் வேணாம்னுட்டாரு.

இதுல இன்னொரு விஷயம், அவனுக்கு மேல்பல்லு கொஞ்சம் தூக்கலா இருந்ததால 6 மாசம் முன்னாடி கிளிப் போட்டோம். எங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாருன்னா கிளிப் கம்பி தான் பல்லையெல்லாம் சேர்த்துப் பிடிச்சிருக்கே, தனியா கார்டு எதுக்குன்னு. எனக்கு அது சரியா படல ஆனா பதில் சொல்லவும் தெரியல. கிளிப்புக்கு மேல போடுற மாதிரி கார்டு இருக்கா, கடையில வாங்குறதே போதுமா இல்ல டாக்டர் கிட்ட அளவு எடுத்து தான் செய்யணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மாடிப்படி:

சிஸ்டர், உங்க பதிவைப் படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

என் பொண்ணுக்கு இப்ப 19. அவளுக்கு 11 வயசு இருக்கும்போது பாஸ்கெட்பால் ப்ராக்டிஸ். மேட்ச் கூட இல்ல, சும்மா ரீபவுண்டு எடுத்துப் பழகிட்டு இருந்தாங்க. இவ பந்துக்கு குனிய, அதே நேரத்துல இன்னொரு பொண்ணு கீழ இருந்து எம்ப, அந்தப் பொண்ணு தலை இவ வாயில இடிச்சிடுச்சு. மேல நடு முன்பல்லு ஒண்ணு வேரோட வெளிய வந்து விழுந்துடுச்சு. மவுத் கார்டு போடல. பாஸ்கெட்பால்ல யாரு ஆளை இடிக்கிறாங்கன்னு நாங்களும் நினைச்சிட்டு இருந்தோம், அந்த விளையாட்டுக்கு அப்படி ஒண்ணு தேவைப்படும்னே எங்களுக்குத் தோணல.

அங்க இருந்தவங்க எல்லாரும் நல்லவங்க தான், பதறிப்போய் உதவி பண்ணாங்க, ஆனா என்ன செய்யணும்னு ஒருத்தருக்கும் தெரியல. பல்லை வேரைப் பிடிச்சு எடுத்து, மண்ணு ஒட்டியிருக்குன்னு குழாயடியில நல்லா தேய்ச்சுக் கழுவி, டிஷ்யூ பேப்பர்ல சுத்தி என் கையில குடுத்தாங்க. நான் அதை பத்திரமா சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்க முதல்ல உதட்டுக்குத் தையல் போட்டாங்க, அப்புறம் பல் டாக்டர்கிட்ட போங்கன்னாங்க, போய்ச் சேர்றப்ப ரெண்டரை மணி நேரம் ஆகியிருந்துச்சு. அந்த டாக்டர் பல்லை வாங்கிப் பார்த்துட்டு இது பால்ல வந்திருக்கணுமேன்னு மெதுவா சொன்னாங்க. அந்த வார்த்தை இன்னிக்கும் எனக்குள்ள இருக்கு.

அவங்க பல்லைத் திரும்ப வச்சு பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டினாங்க, அப்புறம் ரூட் கெனால் பண்ணாங்க, ஆனா அப்பவே சொல்லிட்டாங்க இது ரொம்ப வருஷம் நிக்காதுன்னு. அதே தான் நடந்துச்சு. வேர் எலும்போட ஒட்டிக்கிச்சு. வளர்ற வயசுல தாடை வளர வளர மத்த பல்லெல்லாம் அதோட சேர்ந்து கீழ இறங்குது, இந்த ஒரு பல்லு மட்டும் அங்கேயே நின்னுடுச்சு. 14 வயசுல சிரிச்சா அந்த ஒரு பல்லு மட்டும் குட்டையா மேல ஏறி நிக்கும். அப்ப இருந்து எடுத்த ஒரு போட்டோவுல கூட அவ வாய் திறந்து சிரிக்கல.

16 வயசுல அதை எடுத்துட்டு பக்கத்துப் பல்லுல ஒட்டுற மாதிரி ஒரு செயற்கைப் பல்லு வச்சாங்க. அது ரெண்டு தடவை கழண்டுச்சு, ஒரு தடவை பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி. எலும்புல பதிக்கிற இம்ப்ளாண்ட் பல்லு வைக்கலாமேன்னு எல்லாரும் கேக்குறாங்க. வளர்ச்சி முழுசா நின்ன பிறகு தான் வைக்கணும், முன்னாடியே வச்சா அதுவும் அந்த ஒட்டின பல்லு மாதிரியே மேல நின்னுடும். அடுத்த வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வைக்கலாம்னு சொல்லியிருக்காங்க. 8 வருஷம் ஆச்சு சிஸ்டர், அந்த ஒரு நிமிஷத்துக்கு.

உங்க கோச் ப்ராக்டிஸ்க்கு வேணாம்னு சொன்னாருல்ல, அது தான் எனக்குத் தாங்கல. பிள்ளைங்க மேட்ச் ஆடுறது எத்தனை நாள், ப்ராக்டிஸ் பண்றது எத்தனை நாள்? எங்க வீட்ல நடந்தது ப்ராக்டிஸ்ல தான், நீங்க போன வாரம் பார்த்ததும் ப்ராக்டிஸ்ல தான்.

பல்_டாக்டர்_ஒருத்தி:

குழந்தைங்க பல்லு தான் என் வேலை, அதனால முதல்ல உங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு பதில் சொல்லிடறேன். கிளிப் பல்லைப் பாதுகாக்காது. கிளிப் போட்டிருக்கும்போது பல்லு நகர்றதுக்காக வேரைச் சுத்தியிருக்கிற எலும்பு கரைஞ்சு திரும்ப வளர்ந்துட்டு இருக்கும், அதனால பல்லு வழக்கத்தை விட கொஞ்சம் ஆட்டமாவே தான் இருக்கும். அதுக்கு மேல அந்த உலோகம். வாயில அடி விழுந்தா உதட்டோட உள்பக்கம் போய் பல்லு மேல ஒட்டியிருக்கிற அந்த பிராக்கெட்ல தான் மோதும், கிழிஞ்சு கம்பியில மாட்டின உதட்டை நானே எத்தனையோ தடவை எடுத்து விட்டிருக்கேன். கிளிப் போட்ட பிள்ளைக்கு கார்டு மத்தவங்களை விட அதிகமா தேவை. பல்லு தூக்கலா இருந்துச்சுன்னு வேற சொல்றீங்க, மேல்பல்லு கீழ்ப்பல்லை விட 3 மில்லிமீட்டருக்கு மேல முன்னாடி வந்திருந்தாலே முன்பல்லுல அடிபடுற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இப்ப எந்த கார்டுங்கிறது. மூணு வகை இருக்கு. கடையில ரெடிமேடா அப்படியே வாயில போடுறது ஒண்ணு, வெந்நீர்ல போட்டு கடிச்சு அச்சு எடுக்குறது ஒண்ணு, டாக்டர் அளவு எடுத்து செஞ்சு கொடுக்குறது ஒண்ணு. உங்க பையன் சொல்ற மூச்சு விட முடியல, பேச முடியல, குமட்டுது எல்லாமே முதல் வகையோட குறை. அவன் சாக்கு சொல்லல, அவனை நம்புங்க. அது பல்லுல பிடிக்காது, லூசா இருக்கும், கீழ விழாம இருக்க பல்லைக் கடிச்சுக்கிட்டே ஓடணும், கடிச்சுக்கிட்டே எப்படி வாயால மூச்சு விடுறது? பின்பக்கம் நீளமா இருந்து அண்ணத்தைத் தொட்டா குமட்டத்தான் செய்யும்.

வெந்நீர் வகை மத்த பிள்ளைங்களுக்கு ஓரளவு பரவாயில்ல, பாக்கெட்ல போட்டிருக்கிறபடி நிதானமா செஞ்சா நல்லாவே பிடிக்கும். ஆனா நிறைய பேர் பயங்கரமா அழுத்திக் கடிச்சிடுவாங்க, கடிச்ச இடம் மெலிஞ்சு போயிடும், அடியைத் தாங்க அந்த கனம் தான் வேணும். முன்பக்கம் குறைஞ்சது 3 மில்லிமீட்டராவது இருக்கணும். கிளிப் இருக்கிறவங்க சாதா வெந்நீர் வகையைத் தொடவே வேணாம். உருகின பொருள் பிராக்கெட்டுக்குள்ள போய் பிடிச்சுக்கும், கழட்டும்போது பிராக்கெட்டோட வரும், அதோட பல்லு நகர்ந்துட்டே இருக்கிறதால இன்னிக்கு எடுத்த அச்சு ரெண்டு மாசத்துல பொருந்தாது. அதுக்குன்னே கிளிப்புக்கு மேல போடுற சிலிகான் கார்டு இருக்கு, அச்சு எடுக்க வேண்டாம், அப்படியே போடலாம். இல்லன்னா டாக்டர் அளவு எடுத்து, பிராக்கெட் இருக்கிற இடத்துல இடம் விட்டு, பல்லு நகரப்போற பக்கமும் கொஞ்சம் இடைவெளி வச்சு செய்வாங்க. உங்களால முடிஞ்சா இதைத்தான் செய்ங்க. நல்லா செஞ்ச கார்டு வாயைத் திறந்தாலும் கீழ விழாம மேல்பல்லுலயே நிக்கும், பேச்சும் ஓரளவு தெளிவா வரும். கீழ்ப்பல்லுலயும் கிளிப் இருந்தா அதையும் சொல்லிடுங்க, அதுக்கும் சேர்த்துத் தான் பார்க்கணும்.

மாடிப்படி, உங்க பொண்ணு விஷயம் படிச்சேன், உங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க, யாரும் உங்களுக்கு சொல்லித் தரல. படிக்கிற மத்தவங்களுக்காக இங்க எழுதி வைக்கிறேன், கோச் யாராவது படிச்சா தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க. நிரந்தரப் பல்லு வேரோட விழுந்தா வெள்ளையா தெரியுற மேல்பாகத்தை மட்டும் பிடிச்சு எடுங்க, வேரைத் தொடாதீங்க. வேர் மேல ஒட்டியிருக்கிற மெல்லிசான தோலு மாதிரி திசு தான் பல்லைத் திரும்ப எலும்போட சேர்க்குறது, தேய்ச்சா அது போயிடும், காய்ஞ்சாலும் செத்துடும். மண்ணு இருந்தா பால்லயோ சலைன்லயோ லேசா ஒரு அலசு அலசி அந்தக் குழியிலேயே அப்பவே திரும்ப வச்சு ஒரு துணியைக் கடிக்கச் சொல்லிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பயமா இருந்தா, இல்ல பிள்ளை மயக்கமா இருந்தா, பால்ல போட்டு எடுத்துட்டு வாங்க. தண்ணியில ஊற வைக்காதீங்க. வெளிய காய்ஞ்சு கிடந்து ஒரு மணி நேரம் ஆயிட்டா அந்தத் திசு பிழைக்காது, முதல் அரை மணிக்குள்ள வந்தா நிறையவே காப்பாத்தலாம். பால் பல்லு விழுந்தா மட்டும் திரும்ப வைக்கக் கூடாது, உள்ள இருக்கிற நிரந்தரப் பல்லோட முளை கெட்டுடும். பல்லு உடைஞ்சு துண்டு கிடைச்சா அதையும் பால்லயோ தண்ணியிலயோ போட்டு கொண்டு வாங்க, பல நேரம் அதையே ஒட்ட முடியும். துண்டு கிடைக்கலன்னா உதட்டுக்குள்ள குத்தி நிக்குதான்னு கண்டிப்பா பார்க்கச் சொல்லுங்க. போன வாரம் அடிபட்ட அந்தப் பையன் வீட்லயும் சொல்லுங்க, வலி இல்லாட்டியும் சில மாசம் கழிச்சு பல்லு சாம்பல் நிறமா மாறலாம், உள்ள நரம்பு செத்திருக்கலாம்னு அர்த்தம், அதனால சொன்ன தேதிக்கு எல்லாம் திரும்ப செக்கப் போகணும்.

லெஃப்ட்ஹேண்டர்:

அக்கா, நான் 6 வருஷமா பாக்சிங் பண்றேன். எங்க விளையாட்டுல இது இல்லாம ரிங்குக்குள்ளயே விட மாட்டாங்க. இந்த சமாச்சாரமே பாக்சிங்ல இருந்து தான் வந்துச்சு, 1890ல லண்டன்ல வூல்ஃப் க்ரௌஸ்னு ஒரு பல் டாக்டர் பாக்சர்களுக்காக கட்டா பெர்ச்சாங்கிற மரப்பால்ல செஞ்சு கொடுத்தாரு, அப்ப எல்லாம் உதடு கிழியாம இருக்கிறதுக்காகத் தான் போட்டாங்க. அப்புறம் அமெரிக்காவுல ஸ்கூல் பசங்க ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால்ல 1962ல கட்டாயம் ஆக்குனாங்க, அங்க வாயில படுற அடி பெருமளவு குறைஞ்சிடுச்சு. கட்டாயம்னு ஆயிட்டா பசங்க கேள்வியே கேக்க மாட்டாங்க அக்கா, எல்லாரும் போட்டா அது சாதாரணம் ஆயிடும், உங்க பையன் மட்டும் போடுறதால தான் அவனுக்கு கூச்சமா இருக்கு.

நான் ஆரம்பத்துல எப்படி பழகினேன்னு சொல்றேன். எடுத்த எடுப்புலயே கிரவுண்டுல போட்டா கண்டிப்பா பிடிக்காது, எச்சி ஊறும், மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், கழட்டி எறியத் தோணும். எங்க மாஸ்டர் சொன்னது, வீட்ல டிவி பார்க்கும்போது பத்து நிமிஷம் போடு, அடுத்த நாள் வீட்டுப்பாடம் எழுதும்போது இருபது நிமிஷம், அப்புறம் ஸ்கிப்பிங் பண்ணும்போது, அதுக்கப்புறம் தான் ஆட்டத்துல. ஒரு பத்து நாள்ல எச்சி ஊறுறது நின்னுடுச்சு, இப்ப போடாம போனா தான் ஏதோ குறையுற மாதிரி இருக்கு. மூக்கால மூச்சு விட்டுப் பழகச் சொல்லுங்க.

அப்புறம் அவன் அதை மெல்லாம பாத்துக்கோங்க, நிறைய பசங்க பெஞ்சுல உக்காந்துட்டு சூயிங் கம் மாதிரி மென்னுட்டே இருப்பாங்க, ஒரே மாசத்துல கிழிஞ்சிடும். ஆட்டம் முடிஞ்சதும் பச்சத்தண்ணியில கழுவணும், பிரஷ் வச்சு லேசா தேய்க்கலாம், வெந்நீர் கூடவே கூடாது, நெளிஞ்சிடும். வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள விட்டாலும் அதே கதி தான். ஓட்டை வச்ச டப்பாவுல போட்டு வைக்கணும், ஈரத்தோட சாக்ஸுக்குள்ள சுருட்டி வச்சா நாத்தம் வரும், வாய்ப்புண்ணும் வரும். ஒருத்தரோடத இன்னொருத்தர் போடவே கூடாது.

பழைய கோல்கீப்பர்:

எல்லாரும் சொல்றது புரியுது. நானும் சின்ன வயசுல இருந்து ஆடினவன், நாங்க ஆடின காலத்துல காலுக்கு பேட் கட்டவே யோசிப்போம், வாய்க்கு எல்லாம் எதுவும் போட்டதில்ல. எங்க செட்ல பல்லு போனவங்களும் இருக்காங்க, போகாதவங்களும் இருக்காங்க. என்னோட கவலை என்னன்னா இப்படி ஒவ்வொண்ணா கட்டாயம் கட்டாயம்னு சொன்னா வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்க கிரவுண்டுக்கே வராம போயிடுவாங்களோன்னு. இன்னொண்ணு, மவுத் கார்டு போட்டா தலையில அடிபட்டு மூளை கலங்குறதும் தடுக்கும்னு விளம்பரத்துல பார்த்தேன், அது உண்மையா டாக்டர்? உண்மைன்னா நானே எங்க பசங்களுக்கு வாங்கித் தருவேன், இப்ப வாரத்துல ரெண்டு நாள் சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தர்றேன்.

பல்_டாக்டர்_ஒருத்தி:

அண்ணா, ரெண்டாவது கேள்விக்கு முதல்ல. கார்டு போட்டதால மூளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஐஸ் ஹாக்கி மாதிரி சில விளையாட்டுல கன்கஷன், அதான் நீங்க சொன்ன மூளை கலங்குறது, குறையுறதா ஆய்வுகள் காட்டுது, எல்லா விளையாட்டுக்கும் அப்படின்னு உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல. தலை குலுங்கும்போது மூளை உள்ளுக்குள்ள அசையுறதை வாயில இருக்கிற ஒரு ரப்பர் துண்டு நிறுத்திடாது. பெரிய ரக்பி மேட்ச்ல 2024ல இருந்து சென்சார் வச்ச மவுத் கார்டு போடுறாங்க, அது கூட அடியைத் தடுக்குறதுக்கு இல்ல, எவ்வளவு வேகமா தலை குலுங்குச்சுன்னு அளந்து டாக்டருக்குத் தகவல் சொல்றதுக்கு. அதனால கார்டு போட்டிருந்தாலும் தலையில அடிபட்டு பிள்ளை தடுமாறினா, வாந்தி எடுத்தா, கேட்டதையே திரும்பக் கேட்டா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுதுன்னு வெளிய கூட்டிட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டணும். நான் கார்டு போடச் சொல்றது பல்லுக்காக, உதட்டுக்காக, நாக்குக்காக, தாடைக்காக. தாடையில கீழ இருந்து குத்து மாதிரி அடி விழுந்தா கீழ்ப்பல்லு மேல்பல்லுல போய் இடிச்சு கடவாய்ப்பல்லு விரிசல் விடும், அந்த இடத்துல தான் இது மெத்தை மாதிரி வேலை செய்யுது.

வசதியைப் பத்தி நீங்க சொன்னது எனக்கும் வலிக்கிற விஷயம். டாக்டர் செய்யுறது தான் சிறந்தது, ஆனா அது கிடைக்கலன்னு வெறும் வாயோட ஆட விடாதீங்க. கிளிப் இல்லாத பிள்ளைக்கு வெந்நீர் வகையை நிதானமா அச்சு எடுத்து, சரியா பொருந்தலன்னா திரும்ப ஒரு தடவை செஞ்சு, மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா சரிபார்த்தா அதுவே நிறைய காப்பாத்தும். உங்க பசங்க இருபது பேருன்னா ஒரு நாள் சாயங்காலம் எல்லாரையும் உக்கார வச்சு நீங்களே சேர்ந்து அச்சு எடுத்துக் கொடுக்கலாம். வெந்நீர்ப் பாத்திரத்தை மட்டும் நீங்க கையாளுங்க.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்கண்ணா. ஃபுட்பால் விதியில முழங்காலுக்குக் கீழ கட்டுற ஷின் பேட் கட்டாயம், இல்லாம ரெஃப்ரி உள்ள விட மாட்டாரு. ஹாக்கி விதியில ஷின் பேட், கணுக்கால் பேட், வாய்க்கு கார்டு மூணையும் போடச் சொல்லிப் பரிந்துரை தான் பண்றாங்க. பசங்க அதுல ஷின் பேடை மட்டும் தவறாம கட்டிக்கிறாங்க. கால் எலும்பு உடைஞ்சா கூட கூடிடும். மேல முன்பல்லு 7 இல்ல 8 வயசுல முளைக்குது, அதுக்கப்புறம் அந்த இடத்துல வேற ஒரு பல்லு முளைக்கப் போறதில்ல.

பழைய கோல்கீப்பர்:

நன்றிம்மா. நேரா சொன்னதுக்கு. எங்க செட்ல பல்லு போனவர் ஒருத்தர் கிட்ட நேத்து போன் பண்ணி கேட்டேன், இத்தனை வருஷத்துல அந்த ஒரு பல்லுக்கு எத்தனை தடவை கேப் மாத்தினீங்கன்னு. நாலு தடவையாம். இவ்வளவு வருஷமா பழகுறோம், நான் கேட்டதே இல்ல. பசங்களுக்கு வாங்குறேன். முதலுதவிப் பெட்டியில சலைன் பாட்டில் ஒண்ணும் வச்சிட்டேன்.

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொரு பதிலையும் வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன். மாடிப்படி அண்ணா எழுதினதைக் கேட்டுட்டு அவன் ஒண்ணுமே பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அக்கா இப்ப பாஸ்கெட்பால் ஆடுறாங்களான்னு மட்டும் கேட்டான்.

கிளிப் போட்ட டாக்டர்கிட்ட புதன்கிழமைக்கு நேரம் வாங்கியாச்சு, அளவு எடுத்து செஞ்சு தர ஒரு வாரம் ஆகுமாம், மேல மட்டும் தான் கிளிப் இருக்குன்னு சொல்லிட்டேன், பின்பக்கம் நீளமா அண்ணத்தைத் தொடாம செய்யணும்னும் சொல்லிட்டேன். கோச் கிட்டயும் பேசினேன், முதல்ல தயங்கினாரு, அந்தப் பையன் பல்லை அவரும் பார்த்தவரு தானே, அடுத்த பெற்றோர் மீட்டிங்ல ப்ராக்டிஸ்க்கும் சேர்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு.

கடைசியா ஒரே ஒரு கேள்வி டாக்டர், இந்த சனிக்கிழமை அவனுக்கு ஒரு மேட்ச் இருக்கு, புது கார்டு அதுக்குள்ள வராது. ஆட விடலாமா?

பல்_டாக்டர்_ஒருத்தி:

கிளிப்புக்குன்னு இருக்கிற சிலிகான் கார்டு சனிக்கிழமைக்குள்ள கிடைச்சா, முந்தின நாளே வீட்ல போட்டு அரை மணி நேரம் ஓடிப் பார்க்கச் சொல்லி ஆட விடுங்க. கிடைக்கலன்னா இந்த ஒரு மேட்ச் வேணாம்மா. பை ஓரத்துல கிடக்கிற அந்தப் பழைய கார்டைப் போட்டுட்டு மட்டும் அனுப்பாதீங்க, கிளிப்புக்கு முன்னாடி வாங்கினது, இப்ப அவன் பல்லு இருக்கிற இடமே வேற.

மாடிப்படி:

தம்பிகிட்ட சொல்லுங்க, என் பொண்ணு இப்பவும் ஆடுறா. ரெண்டு வருஷம் கிரவுண்டு பக்கமே போகல, அப்புறம் அவளாவே கேட்டா. கார்டு போட்டுக்கிட்டு தான் ஆடுறா, காலேஜ் டீம்ல.